வியாழக்கிழமை திறந்த சூளை

எங்கள் ஊரில் பீங்கானில் ஓட்டை விழுந்தால் செய்தவளுக்குத் திட்டு விழும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் போதும், எங்கள் மேஸ்திரி அதைச் சுண்டுவிரலால் காட்டி, "இது என்னாடி, மூக்குத்தி போடவா?" என்று கேட்பார். பத்தாவது முடித்து பெரியப்பாவின் பீங்கான் கம்பெனியில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டதெல்லாம் துளையை அடைக்கிற வேலைதான். பொம்மையில் அடைத்தேன், பியூஸ் கட்டையில் அடைத்தேன், ஊறுகாய் ஜாடியில் அடைத்தேன். தொண்ணூற்று நாலாம் வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து, முழுக்க முழுக்க ஓட்டையாகவே ஒரு சாமான் வேண்டும் என்றார். சாமானைக் கூழில் முக்கியெடுக்கிற முக்கு மேடையில் இருந்த பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அது இரும்பு வார்க்கிற பட்டறைக்கான வடிகட்டி. உருக்கிய இரும்பை மண் அச்சுக்குள் ஊற்றும்போது வழியில் இதை வைத்தால், கசடு இதில் தங்கிவிடும், சுத்தமான இரும்பு மட்டும் உள்ளே போகும். செய்கிற விதமும் வேடிக்கைதான். மெத்தைக்குள் வைக்கிற ஸ்பாஞ்சைச் சதுரமாக வெட்டி, அலுமினா மாவும் களிமண்ணும் கலந்த கூழில் முக்கி, கரும்புச்சாறு மெஷின் மாதிரி இரண்டு உருளைக்கு நடுவில் விட்டுப் பிழிய வேண்டும். காயவைத்துச் சூளையில் அடுக்கினால் ஸ்பாஞ்சு எரிந்து போய்விடும். அதன்மேல் ஒட்டியிருந்த பீங்கான் மட்டும் தேன்கூடு போல நிற்கும். ஸ்பாஞ்சு எரிகிற நாற்றம் இருக்கிறதே, அது சோற்றில்கூட ஏறும்.

சோற்றில் ஏறும் என்று சும்மா சொல்லவில்லை. நானும் அம்மாவும் கம்பெனிக்குள்ளேயேதான் குடியிருந்தோம். ஸ்பாஞ்சு மூட்டை போட்டிருந்த ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அப்பா இறந்தபோது பெரியப்பாதான் எங்களைக் கூட்டிவந்து அதில் வைத்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை. கோதண்டபாணி என்று அவர் பேரைச் சொன்னால் விருத்தாசலத்தில் பீங்கான்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். யார் வந்தாலும் என் தோளில் கை வைத்து, "இது எந்தம்பி கோவிந்தராசு பொண்ணு. எம்பொண்ணு மாதிரி" என்பார். அந்த 'மாதிரி'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொந்தப் பெண் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். 'மாதிரி'ப் பெண் மண்கூழில் கை ஊறிக் கிடந்தாள்.

எனக்கு இருபத்துநாலு வயது. நான் பார்த்த உலகம் மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை, வேப்பூர் பரோட்டாக் கடை, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு எடுத்தால் பெரியப்பா, "பாக்கலாம், என்னா அவசரம்" என்பார். அவருக்கு என்ன அவசரம்? என்னை மாதிரி அளவாகப் பிழிகிற கை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அழுத்திப் பிழிந்தால் பீங்கான் மெலிந்து பொடிந்துபோகும், லேசாகப் பிழிந்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். என் கைக்கு அந்த அளவு எப்படியோ பிடிபட்டுவிட்டது. கை ஒழுங்காக வேலை செய்ததுதான் நான் செய்த தப்பு.

முதலில் அனுப்பிய கொஞ்சத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோயமுத்தூர்க்காரர் மறுபடி வந்தார். நல்ல மனுஷர், சூதுவாது தெரியாதவர். முக்கு மேடை பக்கத்திலேயே நின்று என் வேலையைப் பார்த்தார். அப்புறம் பெரியப்பா இருக்கும்போதே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, எங்க பவுண்டரில வர்ற பில்டரையெல்லாம் செக் பண்றதுக்கு ஒரு பொண்ணு வேணுமுங்க. நீங்க வர்றீங்களா? லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதுங்க. வெள்ளிக்கெழம காலையில மேனேஜர் நேர்ல பாத்து ஆள் எடுக்கறாரு. அன்னைக்கு வுட்டா வேற ஆளப் போட்டுருவாருங்க."

என் காது இரண்டும் சூடாகிப்போனது. பெரியப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அதுக்கென்னா, தாராளமா போயிட்டு வரட்டும்" என்றார்.

நான் எவ்வளவு பெரிய அசடு பாருங்கள், அதை அப்படியே நம்பினேன். அன்றைக்கு ராத்திரி அம்மாவும் நானும் ஹாஸ்டலில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று பேசிப் பேசிச் சிரித்தோம். இருந்த ஒரே நல்ல புடவையை அம்மா துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துவைத்தாள்.

திங்கட்கிழமை பெரிய ஆர்டருக்கான முதல் சூளை. மேல்வரிசை முழுக்க வடிகட்டி, கீழே வழக்கமான பியூஸ் கட்டை. சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசி, தேங்காய் உடைத்துப் படையல் போட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள் இல்லையா, அதைப் பெரியப்பா சூளைக்குக் கொண்டுவந்துவிட்டார். தீ மூட்டுகிறவர் கையில் மஞ்சள் கிழங்கு கோத்த நூலால் காப்புக் கட்டுவார். சூளையைத் திறக்கிறவரைக்கும் அந்த ஆள் கேட்டைத் தாண்டக்கூடாது. திறந்த பிறகு கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு சூளைக்காரர் பாதித் தீயில் சினிமாவுக்குப் போய்விட்டாராம், அதிலிருந்து இந்த ஏற்பாடு.

காப்பு எப்போதும் பாவாடை அண்ணனுக்குத்தான். அவர்தான் எங்கள் சூளைக்காரர். அன்றைக்கும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா அவரை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வேல்விழி, வாம்மா. இந்தச் சூளை ஒங்கையால பத்தட்டும். நீ புழிஞ்ச சரக்கு, நீயே தீ மூட்டு."

பெண்பிள்ளை சூளைக்குத் தீ மூட்டுவதா! எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நூல் மணிக்கட்டில் இறுகி, மூன்றாவது முடிச்சு விழும்போதுதான் உறைத்தது. புதன்கிழமை வரைக்கும் தீ. அப்புறம் ஆற வேண்டும். எங்கள் சூளை திறப்பது எப்போதும் சனிக்கிழமை. நான் கோயமுத்தூரில் இருக்க வேண்டியது வெள்ளிக்கிழமை.

பெரியப்பா என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

பாவாடை அண்ணனுக்குத்தான் கொள்ளைச் சந்தோஷம். "இந்த வாட்டி நான் தப்பிச்சேன் தாயே! வேப்பூர் போயி புள்ளைங்களப் பாத்துட்டு வந்துடறேன்" என்று குதித்தார். புதன்கிழமை தீயை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

நடுவில் செவ்வாய்க்கிழமை பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். கணக்குப் பிள்ளை, மேஸ்திரி எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"பெரியப்பா, வெள்ளிக்கெழம நான் போவணும். காப்ப அவுத்து விடுங்க. மறுபடி பாவாடை அண்ணனுக்குக் கட்டிக்குங்க."

"நடுவுல அவுக்கறதா? ஐயையோ." நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. இப்பவே அவுத்துட்டுப் போவ சொல்லுவேன். ஒங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்க."

அம்மாவைக் கேட்கச் சொன்னதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. எங்கள் அப்பா ஒரு வருஷம் அம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிய கையோடு, ஏதோ அவசரம் என்று திட்டக்குடிக்குப் போய்வந்தார். அந்த மாதமே படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு வந்தது மஞ்சள் காமாலை, டாக்டரே சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அது காமாலை இல்லை, காப்பு. அது பெரியப்பாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"அம்மா, இது சாமி காப்பு இல்ல. கம்பெனி காப்பு" என்றேன்.

"காப்புல என்னாடி சாமி காப்பு, கம்பெனி காப்பு? ஒங்கப்பாவ வாரிக் குடுத்தது பத்தாதா? நீ அத அறுத்துக்கிட்டுப் போனேன்னா, திரும்பி வரும்போது நான் இருக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

"அப்போ நான் இந்த ஸ்பாஞ்சு நாத்தத்துலயே கெடந்து சாவட்டுமா?"

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த நூலை என் பல்லாலேயே கடித்துத் துப்பியிருப்பேன், எனக்கு அதில் எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனால் அவள் முதுகு குலுங்கியது தெரிந்தது. என்னைக் கட்டியிருந்தது மஞ்சள் நூல் இல்லை, அந்த முதுகுதான். பெரியப்பா கணக்காகத்தான் கட்டியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார்கள். நான் சூளைக்கு எதிரில் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சேலம் பஸ்ஸைப் பிடித்தால் விடியும்போது கோயமுத்தூர் போய்விடலாம். அடைத்த வாசலையே வெறித்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் சொல்கிற அந்தப் பேச்சு மண்டையில் உறைத்தது. சூளையைத் திறந்தால் காப்பை அவிழ்க்கலாம். சனிக்கிழமை திறந்தால் என்று யாரும் சொல்லவில்லையே!

சூடு ஆறாத சூளையைத் திறப்பது என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளையைக் கிணற்றில் போடுகிற மாதிரி. குளிர்ந்த காற்று பட்டதும் உள்ளே இருக்கிற பீங்கான் எல்லாம் வெடித்து ஓடாகும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன். வெடிக்கட்டும் என்றுதான் எழுந்தேன். நான் பிழிந்தது, நான் மூட்டியது, நானே உடைக்கிறேன், யாருக்கு என்ன?

சாக்கை நனைத்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, விறகு தள்ளுகிற இரும்புக் கொக்கியை எடுத்தேன். மேல் செங்கல்லில் மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தேன். முதல் கல் விழுந்ததும் சூடு குப்பென்று அடித்தது. புருவம் கருகிய வாசனை எனக்கே வந்தது. இன்னொரு கல். இன்னொரு கல். உள்ளே இன்னும் மங்கலாகச் சிவந்திருந்தது. அப்புறம் சத்தம் ஆரம்பித்தது. டிங். டிங். டிங் டிங். பீங்கான் விரிகிற சத்தம். எங்கள் தொழிலில் யாரும் கேட்க விரும்பாத சத்தம். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் வெடி, இன்னும் வெடி என்று சொல்லிச் சொல்லிக் கல்லைப் பிடுங்கினேன்.

"அடிப் பாவி மவளே!" என்று அம்மா ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே பெரியப்பா, வேட்டி பாதி அவிழ, தூக்கக் கலக்கத்தோடு.

நான் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

"சூளையத் தொறந்தாச்சு பெரியப்பா. காப்ப அவுத்து விடுங்க."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "போச்சு... எல்லாம் போச்சு... குடியக் கெடுத்துட்டாளே" என்று முனகினார். அம்மா என் முதுகில் இரண்டு அறை வைத்தாள். வைத்துவிட்டு என் கருகிய புருவத்தைத் தடவினாள்.

கொஞ்சநேரம் கழித்துப் பெரியப்பா எழுந்தார். நீண்ட இடுக்கியை எடுத்துக் கீழ்வரிசையிலிருந்து ஒரு பியூஸ் கட்டையை இழுத்தார். இரண்டாகப் பிளந்து வந்தது. இன்னொன்று, அதுவும் பிளவு. பெருமூச்சு விட்டுக்கொண்டே மேல்வரிசையில் இருந்த வடிகட்டி ஒன்றை எடுத்து மணலில் வைத்தார். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சூடு கொஞ்சம் தணிந்ததும் இடுக்கி முனையால் தட்டினார். கணீரென்றது.

இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் வாய் திறந்தது, அப்புறம் கண் விரிந்தது, அப்புறம் அந்த ஆள் சிரிக்கத் தொடங்கினார்.

"அடேயப்பா! காய்ச்சின இரும்ப மேல ஊத்தினாலே தாங்கற சாமான்! காத்து பட்டா ஒடஞ்சிருமா? நம்ப யாருக்கும் இது தோணலியே!"

எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை மாதம் பிழிந்து பிழிந்து கை வெந்தவள் நான். உருக்கிய இரும்பைத் தாங்கவென்றே செய்த சாமானை மற்றப் பீங்கான் மாதிரியே பொத்திப் பொத்தி ஆறவைத்துக்கொண்டிருந்தோம், ஊரே சேர்ந்து. நான் உடைக்கப் போய் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். வெடித்த சத்தமெல்லாம் பியூஸ் கட்டைதான்.

"பியூஸ் கட்டைய வேற சூளையில போட்டுக்கலாம்" என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். "வாரத்துக்கு ரெண்டு சூளை... ரெண்டு சூளை எடுக்கலாம்டா யப்பா!"

அப்போது அம்மா முன்னால் வந்தாள். பெரியப்பா எதிரில் அவள் நிமிர்ந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாமா, சூளை தொறந்தாச்சு. அவுத்து வுடுங்க. எம்பொண்ணு போவட்டும்."

அந்த நேரம் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அவள் பயந்தவள்தான், ஆனால் காப்புக்கு உண்டான விதிக்கு நேர்மையானவள். பெரியப்பா மறுக்கவில்லை. அவர் கையாலேயே மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். "போயிட்டு வா கண்ணு. நல்லபடியா போயிட்டு வா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உளுந்து வயல்களெல்லாம் பின்னால் ஓடுவதைப் பார்த்தபோதுதான், இந்த மனுஷர் ஏன் இவ்வளவு லேசாக விட்டார் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தூர எறிந்துவிட்டு ஜன்னல் காற்றை மூக்கு நிறைய இழுத்தேன். அதில் ஸ்பாஞ்சு நாற்றம் இல்லை.

கோயமுத்தூர்க்காரர் கேட்டிலேயே நின்று வரவேற்றார். டீ வாங்கிக்கொடுத்து, பட்டறையைச் சுற்றிக் காட்டினார். மண் அச்சுக்குள் என் வடிகட்டியை வைத்து மூடி, இரும்பை ஊற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஊத்தினதுக்கப்புறம் பில்டர் என்னாங்க ஆவும்?" என்று கேட்டேன்.

"அது இரும்போட சேந்து அங்கயே ஒட்டிக்குமுங்க. எடுக்க முடியாது. வார்ப்ப மட்டும் ஒடச்சு எடுத்துட்டு, அதத் தூக்கி ஓரமாப் போட்டுருவோம்."

மேனேஜர் அறையில் பேன் ஓடியது. மேஜைமேல் போன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்காக எழுந்து நின்ற முதல் ஆள் அவர்தான்.

"வாங்கம்மா, உட்காருங்க. நேத்தே உங்க பெரியப்பா எஸ்.டி.டி. போட்டுப் பேசினாரு. சூளையப் பாதி நாள்ல தொறக்கலாம்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமா! எங்களுக்கு இப்ப ரெண்டு மடங்கு சரக்கு தர்றேன்னு சொல்லிட்டாரு. பெரிய விஷயமுங்க இது."

"சார், நான் செக் பண்ற வேலைக்கு..."

"அதுக்கு வேற பொண்ணு எடுத்துக்கறோமுங்க. உங்களப் போயி இங்க தட்டிப் பாக்கற வேலையில உட்கார வைக்கறதா? நீங்க அங்க இருந்தாத்தான் எங்களுக்கு பில்டர் வரும். உங்க பெரியப்பாவும் அதையேதான் சொன்னாரு. உங்க கை இல்லாம அங்க சூளையே நடக்காதாமா."

வேலை போனது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"சார், நான் ஒண்ணும் கண்டுபுடிக்கல. எல்லாம் வெடிச்சிப் போவணும்னுதான் தொறந்தேன். அங்கேர்ந்து வெளிய வரணும்னு தொறந்தேன். நெசமா சொல்றேன் சார், ஒடைக்கத்தான் தொறந்தேன்!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோயமுத்தூர்க்காரரும் சிரித்தார்.

"நல்லாப் பேசறாங்க. இவ்வளவு பண்ணிட்டு எப்படி அடக்கமாச் சொல்றாங்க பாருங்க" என்றார் மேனேஜர்.

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றுதான் எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன், அவர்கள் பாராட்டினார்கள்.

அவர்கள் என்னை மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். சாப்பாடு போட்டார்கள். என் கையால் பிழிந்த வடிகட்டி ஒன்றை ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். "பஸ்ஸுல ஏன் கஷ்டப்படறீங்க, நம்ம லாரியே உங்க கம்பெனிக்கு லோடு ஏத்தத்தான் போகுது. நேரா உங்க கேட்டுக்குள்ளயே எறக்கி விட்டுருவாரு" என்றார் கோயமுத்தூர்க்காரர். பாவம், அந்த மனுஷர் உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவிநாசி தாண்டுகிறவரைக்கும் அழக்கூடாது என்று இருந்தேன். தாண்டியதும் பெட்டியைத் திறந்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அத்தனை ஓட்டை வழியாகவும் வானம் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு மூலை உதிரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதை ரோட்டில் விட்டெறிந்தேன். எட்டிப் பார்த்தேன். விழுந்த இடத்திலேயே சுக்குநூறாகச் சிதறியது.

"ஒனக்கு ஒடையத் தெரியுமா? தெரிஞ்சா நேத்து ஏன் சனியனே ஒடையல?" என்று கத்தினேன்.

டிரைவர் பயந்துபோய் பிரேக்கில் காலை வைத்தார். "என்னங்கம்மா, என்ன விழுந்துருச்சு? நிறுத்தட்டுமா?"

"ஒண்ணுமில்லங்க" என்றேன். "ஓட்டுங்க."